சைக்கிளில் ஏற்காடு!

"மாடிப்படி ஏறவே முட்டியைப் பிடிக்கிறே, இதுல சைக்கிள்ல ஏற்காடா?" என்று என் கணவர் சிரித்தார். எனக்கு வயது நாற்பத்தாறு, சிரிக்கத்தானே செய்வார்! தூண்டிவிட்டவர் எதிர்வீட்டு அக்கா. புதுக்கோட்டைப் பக்கம் பிறந்தவர். 1990-களின் தொடக்கத்தில் அங்கே அறிவொளி இயக்கத்தார் கிராமத்துப் பெண்களுக்கு எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொடுத்தார்கள் அல்லவா, அப்போது அம்மாவும் மகளுமாகப் பழகியவர். நானோ பள்ளிக்கூடத்தோடு விட்டவள். மகன் விடுதிக்குப் போனதும் சும்மா கிடந்த கியர் சைக்கிளைத் துடைத்து எடுத்தேன். மூன்று மாதம் விடியற்காலையில் சேலத்துத் தெருக்களில் இருவரும் பழகினோம்.

முட்டி வலிக்குப் பயப்படுகிற சகோதரிகளுக்கு ஒன்று. சீட்டு தாழ்ந்திருந்தால்தான் முட்டிக்குச் சிரமம். பெடல் அடியில் வரும்போது கால் லேசான மடிப்போடு ஏறக்குறைய நீண்டிருக்க வேண்டும். மேட்டில் லேசான கியருக்கு மாற்றி, அழுத்தாமல் சுற்றினால் போதும். துப்பட்டாவை வீட்டிலேயே வைத்துவிடுங்கள்!

சேலம் சுமார் 280 மீட்டர் உயரம். ஏற்காடு 1,500 மீட்டர். நடுவில் 20 கொண்டை ஊசி வளைவுகள். ஐப்பசியில் மழை விட்ட ஒரு செவ்வாய்க்கிழமை கிளம்பினோம். ஞாயிறு என்றால் கார்க் கூட்டம் தாங்காது.

அக்கா ஓயாமல் பேசுகிறவர். எட்டாவது வளைவில் பேச்சு நின்றுவிட்டது. திரும்பிப் பார்த்தால் கை நடுங்குகிறது, குளிர்காற்றிலும் நெற்றியெல்லாம் வேர்வை. "என்னக்கா?" என்றால் சம்பந்தமில்லாமல் ஏதோ சொல்கிறார். ஆறு வருஷமாகச் சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறவர். அன்று மாத்திரையைப் போட்டுக்கொண்டு, அவசரத்தில் ஒரே ஒரு இட்லியோடு வந்திருக்கிறார்!

உட்காரவைத்து, மூன்று டீஸ்பூன் குளுக்கோஸைத் தண்ணீரில் கலந்து குடிக்கக் கொடுத்தேன். அந்தப் பதினைந்து நிமிஷம் எனக்கு ஒரு யுகம். பிறகு முகம் தெளிந்தது. கட்டிக்கொண்டு வந்த இட்லியைச் சாப்பிட்டதும், "இன்னும் பன்னிரண்டு வளைவுதானேம்மா" என்கிறார்! நான் விடவில்லை. இறங்கி வந்த காலி லோடு ஆட்டோவில் சைக்கிள்களை ஏற்றி வீடு வந்து சேர்ந்தோம்.

டாக்டரம்மா விளக்கினார். உழைக்கும் தசைகள் ரத்தத்திலுள்ள சர்க்கரையை இழுத்துக்கொள்கின்றன. சில மாத்திரைகள் இன்சுலினையும் அதிகம் சுரக்கவைக்கும். இரண்டும் சேர்ந்தால் சர்க்கரை கிடுகிடுவென இறங்கிவிடும். அன்று ராத்திரிகூட இறங்கலாமாம். எல்லா மாத்திரைக்கும் இப்படி இல்லை. சைக்கிள் நாளுக்கென்று அக்காவின் மாத்திரை அளவை மாற்றிக் கொடுத்தார். இதை நீங்களாகச் செய்யாதீர்கள், டாக்டர்தான் சொல்ல வேண்டும். ஒன்று, மயங்கிக் கிடப்பவர் வாயில் எதையும் ஊற்றக்கூடாது, உடனே ஆஸ்பத்திரிதான்.

கார்த்திகையில் மறுபடி கிளம்பினோம். "இந்தத் தடவை நான் பின்னாலேயே ஸ்கூட்டர்ல வரட்டுமா?" என்று அவரே கேட்டார். வேண்டாம் என்றுவிட்டோம்! அரைமணிக்கு ஒரு தரம் நின்று ஏதாவது சாப்பிட்டோம். ஒரு வாழைப்பழத்தைக் குரங்கு பிடுங்கிக்கொண்டு போனது. மேலே போகப்போக சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி, அடியில் காப்பிச் செடிகளில் சிவந்த பழம். நாலு மணி நேரம் ஆயிற்று. ஆகட்டுமே, யார் துரத்துகிறார்கள்?

ஏறுவதைவிட இறங்குவதுதான் பயம். ஈர இலை வழுக்கும். முன் பிரேக்கை மட்டும் சட்டென்று பிடித்தால் தலைகுப்புறத் தள்ளிவிடும். இரண்டையும் சேர்த்து, வளைவுக்கு முன்பே விட்டுவிட்டுப் பிடித்தோம். நாலு வளைவுக்கு ஒருமுறை நிறுத்திச் சக்கரத்தை ஆறவிட்டோம்.

அடிவாரத்தில் அக்கா விரலில் குத்தி மெஷினில் பார்த்தார். 128! "அடுத்தது கொல்லிமலைம்மா" என்றார். அங்கே 70 வளைவுகள்.