ஆவாரையை விதைக்கலாமா?

ஆவாரையைப் பற்றிப் பேசத் தொடங்கினால் பேச்சு பூவோடு நின்றுவிடுகிறது. பொங்கலுக்கு முந்தைய நாள் காப்புக்கட்டில் வேப்பிலை, பூளைப்பூவோடு சேர்த்துச் செருகுகிறோம்; தெலங்கானா அதை மாநில மலராகவே வைத்திருக்கிறது. ஆனால் பழைய சென்னை மாகாணத்தின் வணிகத்தில் இந்தச் செடிக்கு இடம் வாங்கித் தந்தது அதன் பட்டை. ஆவாரம்பட்டையில் நூற்றுக்கு ஏறத்தாழ 18 பங்கு டானின் இருக்கிறது. தோலின் புரத இழைகளைப் பற்றிக்கொண்டு அழுகவிடாமல் காக்கும் துவர்ப்புப் பொருள் அது. பட்டைச் சாறு நிரம்பிய தொட்டியில் வாரக்கணக்கில் ஊறிய தோல் வெளிர்நிறமாகவும் துவளும்படியும் இருக்கும். வெயில் பட்டால் மட்டும் சிவந்துவிடும். அதைத் தடுக்கக் கடைசியில் கடுக்காய்ச் சாற்றில் முக்கி எடுப்பார்கள். இந்தத் தோல்தான் ‘ஈஸ்ட் இந்தியா’ என்ற பெயரோடு லண்டன் சந்தைக்குக் கப்பலேறியது.

இவ்வளவு வேண்டப்பட்ட செடியைப் பெரும்பாலும் கரம்பிலும் காட்டோரத்திலும் வெட்டித்தான் எடுத்தார்கள். சும்மா கிடைக்கிற பொருளுக்கு எவர் விதை தேர்வார்? பட்டையின் வரத்தும் தரமும் ஊருக்கு ஊர் மாறின. தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்த வாட்டில் என்ற மரத்தின் பட்டையிலோ நூற்றுக்கு 30 பங்குக்கு மேல் டானின். அதுவும் தோட்டப் பயிர், ஒரே சீரான சரக்கு. பிறகு அந்த வாட்டிலையே நீலகிரியின் சோலைப் புல்வெளிகளில் நட்டோம். அங்கே சீகை மரம் என்று அழைக்கப்படும் அது இப்போது வனத்துறை அகற்றப் பாடுபடும் களை. இன்னொரு பக்கம் குரோமியத்தால் தோல் பதனிடும் முறை வந்து, வாரக்கணக்கான வேலையை ஓரிரு நாளில் முடித்துவிட்டது. அதற்கான விலையைப் பாலாற்றுப் படுகை கொடுத்தது. வேலூர் தோல் ஆலைகள் பற்றி 1996-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லும் அளவுக்குப் போனது. ஆக, ஆவாரை தோற்றதற்குப் பட்டையின் குணத்தைவிட, அதை யாரும் பயிராக மதிக்காததே பெரிய காரணம் என்பேன்.

பட்டைக் கழிவுநீர் மட்டும் சுத்தமா என்று கேட்கலாம். இல்லை. கபில நிறத்தில் ஓடி, கலக்கும் நீரின் உயிர்வளியைக் குடித்துவிடும். அதையும் சுத்திகரித்தே ஆகவேண்டும். ஆனால் டானினை நுண்ணுயிர்கள் மெதுவாகவேனும் சிதைத்துவிடும். உலோகமான குரோமியத்தைச் சிதைக்க எந்த உயிராலும் ஆகாது. வாட்டிலைவிட டானின் குறைவு என்பதும் உண்மைதான். ஆனால் வாட்டிலுக்குக் குளிர்ந்த, மழை மிகுந்த மலை வேண்டும். ஆவாரைக்குச் சரளை நிலமும் வானம் பார்த்த வரப்பும் போதும், ஆடுமாடும் அவ்வளவாகக் கடிக்காது. எல்லாத் தோலுக்கும் இது ஒத்துவராது. பெல்ட், பை, குதிரைச் சேணம் போன்றவற்றுக்குத் தாவரப் பதனீடே இன்றும் விரும்பப்படுகிறது. அந்தப் பங்குக்காகவாவது வரப்போரம் இதை நடலாம்.

நடுவது கடினமல்ல. விதையுறை கெட்டி என்பதால் அப்படியே தூவினால் பாதி விதை உறங்கிக் கிடக்கும்; உறையை லேசாக உரசியோ, அடுப்பிலிருந்து இறக்கிய வெந்நீரில் போட்டு இரவு முழுக்க ஊறவைத்தோ மழைக்கு முன் விதைக்கவேண்டும். நெருக்கி நட்டால் குச்சிகள் நேராக ஓடும். அடியோடு வெட்டினாலும் தூரிலிருந்து துளிர்க்கும். அவரைக் குடும்பம்தானே, தழைச்சத்தை வேரில் சேர்க்கும் என்று நம்பிவிடவும் கூடாது: இதன் இனத்துக்கு வேர் முடிச்சு உண்டாவதில்லை. தழையை மடக்கி உழுதால் உரமாகும், அவ்வளவே.

பூவுக்கு இன்று தேநீர்ப் பொடிச் சந்தை இருக்கிறது. சர்க்கரையைக் குறைக்கும் என்ற பேச்சு எலிகளில் நடந்த சோதனைகளை முதன்மையாக நம்பி நிற்கிறது. மாத்திரையை நிறுத்த அது போதாது. என் கவலை வேறு. இந்தப் பூவில் தேன் கிடையாது. மகரந்தப் பையின் நுனித் துளையிலிருந்து தூளை உதிர்க்க, மரம் துளைத்துக் கூடுகட்டும் கருந்தேனீ பூவைக் கவ்வி உடலை அதிரவைக்கிறது. சாலையோரச் செடிகளைப் பொடிக்காக மொட்டையடித்தால் தேனீக்கு உணவும் இல்லை, அடுத்த ஆண்டுக்கு விதையும் இல்லை. பட்டைக்கு நேர்ந்தது பூவுக்கும் நேர இப்போதே தொடங்கியிருக்கிறது.