வெடிக்கும் வெள்ளரிப்பழம்: விதையை விட்டுவிடாதீர்கள்!

கோடையில் சாலையோரங்களில் விற்கும் வெள்ளரிப்பழம் பழுத்ததும் தானே வெடித்துவிடும். தொலைதூரச் சந்தைக்கு அனுப்ப முடியாது. நாட்டுச்சர்க்கரை தொட்டுச் சாப்பிட வேண்டிய அளவுக்கு இனிப்பும் குறைவு. இதனாலேயே பலர் அதைக் கைவிட்டு, வீரிய ஒட்டு முலாம்பழத்துக்கு மாறுகிறார்கள். வீட்டில் வைத்திருந்த நாட்டு விதையும் அதோடு போய்விடுகிறது.

உண்மையில் வெள்ளரிப்பழமும் முலாம்பழமும் ஒரே இனம். இரண்டுக்கும் குரோமோசோம் 24. பச்சையாகக் கடித்துச் சாப்பிடும் வெள்ளரிப்பிஞ்சு வேறு இனம்; அதற்கு 14 தான். எனவே வெள்ளரிப்பழத்தின் நல்ல குணங்களை முலாம்பழத்துக்குக் கொண்டுவர முடியும்.

அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் 1925-ல் சாம்பல் நோய் முலாம்பழ வயல்களைத் தாக்கியது. அதைத் தாங்கும் குணம் இந்தியாவிலிருந்து சென்ற விதையில் கிடைத்தது. அதைக் கொண்டு உருவான ‘பி.எம்.ஆர்.45’ ரகம் 1936-ல் வெளியானது. இரண்டே ஆண்டுகளில் அந்த ரகத்தையும் தாக்கும் புதுவகைச் சாம்பல் நோய் வந்துவிட்டது. மீண்டும் வேறு விதைகளைத் தேட வேண்டியிருந்தது. பின்னாளில், வெடிக்கும் வகை இந்தியப் பழங்களிலிருந்து அசுவினியைத் தாங்கும் குணமும் கிடைத்தது. ஒரே விதையை நம்பினால் போதாது என்பதற்கு இதுவே சாட்சி.

புதிய ரகம் உருவாக்குபவர்கள் பல ஊர் விதைகளை ஒரே வயலில் வரிசையாக நடுகிறார்கள். கொடியின் நீளம், முதல் பெண் பூ வரும் கணு, காய்களின் எண்ணிக்கை, பழ எடை, சதைப்பருமன், இனிப்பு, நோய்த் தாக்குதல் ஆகியவற்றைக் குறித்துக்கொள்கிறார்கள். பார்வைக்கு ஒன்றுபோல இருப்பவை உள்ளுக்குள் எவ்வளவு வேறுபடுகின்றன என்பதை மரபணுச் சோதனை காட்டும். குணங்களில் வேறுபட்ட, ஒன்றின் குறையை மற்றொன்று ஈடுகட்டும் பெற்றோரைத் தேர்ந்து ஒட்டுச் சேர்க்கிறார்கள்.

நாட்டு விதையைக் கலப்பில்லாமல் காப்பது விவசாயிகளின் கையில் இருக்கிறது. பக்கத்து வயலில் முலாம்பழம் இருந்தால் தேனீ மூலம் கலந்துவிடும். மறுநாள் விரியப்போகும் ஆண், பெண் மொட்டுகளை மாலையிலேயே நூலால் கட்டிவிட வேண்டும். காலையில் அதே ரகத்தின் வேறொரு கொடியிலுள்ள ஆண் பூவைப் பறித்து, பெண் பூவின் சூல்முடியில் தடவி, மீண்டும் கட்ட வேண்டும். காம்பில் அடையாளத்துக்கு ஒரு கயிறு கட்டலாம். நோயில்லாத பல கொடிகளிலிருந்து, நன்கு பழுத்த பழங்களின் விதையை எடுத்துக் கழுவி, நிழலில் உலர்த்தி வைக்கலாம்.

ஒரே ஒரு கொடியின் விதையை மட்டும் எடுத்தால், ரகத்துக்குள் இருக்கும் வேறுபாடு சுருங்கிவிடும். அந்த வேறுபாடுதான் நாளை வரும் நோய்க்கு மருந்து.