செய்தியும் சந்தையும் – 9
ஒரே கட்டுரை, மூன்று பத்திரிகை

2009 அக்டோபரில் மகாராஷ்டிரத்தில் சட்டமன்றத் தேர்தல். அன்றைய முதலமைச்சர் அசோக் சவானைப் புகழ்ந்து ஒரு மராத்தி நாளிதழில் கட்டுரை வெளியானது. அதே கட்டுரை, வரி மாறாமல், அதன் போட்டி நாளிதழ்கள் இரண்டிலும் வந்தது. ‘விளம்பரம்’ என்ற குறிப்பு எதிலும் இல்லை. ‘தி இந்து’வில் பி. சாய்நாத் இதை அம்பலப்படுத்தினார். பக்கம் பக்கமாகப் புகழுரை வந்த அந்தத் தேர்தலில், பத்திரிகை விளம்பரத்துக்கு என்று சவான் கணக்கில் காட்டிய தொகை 5,379 ரூபாய். பணம் கொடுத்து எழுதச் சொன்னதாக எழுந்த குற்றச்சாட்டை அவர் மறுத்தார். 2014இல் தேர்தல் ஆணையம் அவருக்கு அனுப்பிய நோட்டீஸை டெல்லி உயர் நீதிமன்றம் ரத்து செய்தது.

ஒரு மனிதரின் வழக்கு முடிந்துவிட்டது. ஆனால் காசு வாங்கிக்கொண்டு விளம்பரத்தைச் செய்தியாகப் போடும் ‘பெய்ட் நியூஸ்’ வியாபாரம் முடியவில்லை. அப்போது வேட்பாளரின் செலவு வரம்பு 10 லட்சம் ரூபாய். விளம்பரம் கொடுத்தால் கணக்கில் ஏறும். செய்தியாக வந்தால் ஏறாது. கைக்குக் கை மாறும் ரொக்கத்துக்கு ரசீதும் இல்லை, வரியும் இல்லை. இப்படிக் காசு கொடுத்து ‘பேக்கேஜ்’ வாங்காத வேட்பாளர் பக்கத்திலிருந்தே காணாமல் போவார். வேட்பாளருக்கும் பத்திரிகைக்கும் லாபம், ஏமாறுவது காசு கொடுத்துப் பத்திரிகை வாங்கும் வாசகர்.

சார்பு வேறு, இது வேறு. தமிழ்நாட்டில் எந்தத் தொலைக்காட்சி எந்தக் கட்சிக்கு நெருக்கம் என்று பார்ப்பவருக்குத் தெரியும். அதற்கேற்பக் கழித்துக்கொண்டு பார்க்கலாம். காசுக்கு எழுதிய செய்தியில் எதைக் கழிப்பது என்றே தெரியாது.

இதை விசாரிக்க இந்தியப் பத்திரிகைக் கவுன்சில் பரஞ்ஜோய் குஹா தாகுர்தா, கே. ஸ்ரீனிவாஸ் ரெட்டி ஆகிய இருவரைக் கொண்ட துணைக்குழுவை அமைத்தது. அவர்கள் பத்திரிகைகளின் பெயர்களோடு 71 பக்க அறிக்கை கொடுத்தார்கள். கவுன்சிலில் பதிப்பாளர் தரப்பு எதிர்த்தது. 2010 ஜூலையில் பெயர்கள் நீக்கப்பட்ட சுருக்கம் மட்டுமே வந்தது. முழு அறிக்கையை வெளியிடச் சொல்லி மத்திய தகவல் ஆணையம் 2011 செப்டம்பரில் உத்தரவிட வேண்டியிருந்தது. அமைச்சரிடமும் அதிகாரியிடமும் நாள்தோறும் வெளிப்படைத்தன்மை கேட்கும் ஒரு துறை, தன் கதவைத் தானே திறக்கவில்லை; தகவல் அறியும் உரிமைச் சட்டம்தான் திறக்க வைத்தது. இதைவிடப் பெரிய இரட்டை அளவுகோல் எனக்குத் தெரியவில்லை.

இதையெல்லாம் கேட்ட வாசகர், “எல்லாப் பத்திரிகையும் இப்படித்தான் சார்” என்று கையை விரிக்கிறார். அந்தக் கோபம் நியாயம். ஆனால் அந்த வாக்கியத்தால் ஆதாயம் அடைவது காசு வாங்கியவர்தான். எல்லாரும் திருடர்கள் என்றால் அவர் மட்டும் எதற்குக் கூச வேண்டும்? நஷ்டம், மூன்று பத்திரிகைகளையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டவருக்கும், சொந்தத் துறையின் பகையைச் சம்பாதித்துப் பெயர்களை எழுதியவர்களுக்கும். அந்த முறைகேட்டை வெளியே கொண்டுவந்தவர்களும் பத்திரிகையாளர்கள்தான்.

விடாப்பிடியாகக் கேட்டால் பலன் உண்டு. உத்தரப் பிரதேசத்தில் பிசௌலி எம்.எல்.ஏ. உம்லேஷ் யாதவ் செய்திபோல வந்த விளம்பரத்தின் செலவைக் கணக்கில் காட்டவில்லை. தோற்ற வேட்பாளர் ஒருவர் பத்திரிகைக் கவுன்சிலுக்குக் கொண்டுபோன புகார்தான் தொடக்கம். 2011 அக்டோபரில் தேர்தல் ஆணையம் யாதவை மூன்றாண்டுகளுக்குத் தகுதி நீக்கம் செய்தது. ஆனாலும் அந்தத் தண்டனை கணக்கை மறைத்ததற்குத்தான். காசுக்குச் செய்தி போடுவதையே தேர்தல் குற்றமாக்கச் சொல்லித் தேர்தல் ஆணையம் கேட்டது. சட்ட ஆணையமும் 2015இல் பரிந்துரைத்தது. அந்தத் திருத்தம் இன்னும் வரவில்லை.

மாவட்டந்தோறும் தேர்தல் நேரத்தில் ஊடகக் கண்காணிப்புக் குழு இயங்குகிறது. ஒரே புகழுரை இரண்டு பத்திரிகைகளில் வந்தால் இரண்டையும் கத்தரித்து அங்கே கொடுங்கள். நீங்கள் வாக்களிக்கப்போகும் வேட்பாளரைப் பற்றியதாக இருந்தாலும் கொடுங்கள். பத்திரிகைகளிடம் நாம் கேட்கும் நேர்மைக்கு நாம் முதலில் கட்ட வேண்டிய விலை அது.

(தொடரும்)