பனிச்சாலையில் ஓர் உராய்வுப் பாடம்

பொள்ளாச்சி வட்டாரத்தில் உள்ள ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் கற்பிக்கிறேன். உராய்வைப் பற்றிப் பாடம் எடுக்கும்போது மாணவர்கள் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் பாடநூலின் மரக்கட்டையைச் சுற்றியே இருக்கும். சென்ற ஆண்டு பதினொன்றாம் வகுப்பில் ஒரு மாணவன் கேட்டது வேறு மாதிரி. மணாலியில் பனி படர்ந்த சரிவில் பெரிய பெரிய கார்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சறுக்கி இறங்கும் காட்சிகளைக் கைப்பேசியில் பார்த்திருக்கிறான். "சாருங்க, அதெல்லாம் போர் வீல் டிரைவுங்க. நாலு சக்கரமும் இழுக்கும்னு சொல்றாங்க. அப்புறம் எதுக்குங்க வழுக்குது?" என்றான்.

பனியையே பார்த்திராத கொங்கு நாட்டு வகுப்பறையில் எழுந்த இந்தக் கேள்வியைத் தொடர்ந்து இரண்டு பாடவேளைகள் ஓடிவிட்டன. எட்டாம் வகுப்பின் 'விசையும் அழுத்தமும்', பத்தாம் வகுப்பின் 'இயக்க விதிகள்', பதினொன்றாம் வகுப்பின் உராய்வுக் கணக்குகள் ஆகிய மூன்றையும் இந்த ஒரு கேள்வியில் கட்டிவிடலாம் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு சொல் சிக்கல். மார்கழிக் காலையில் புல் நுனியில் நிற்பதும் நமக்குப் பனிதான், மூடுபனியும் பனிதான், இமயமலையில் விழுவதும் பனிதான். உதகையில் டிசம்பர், ஜனவரி மாதங்களில் தலைகுந்தா போன்ற பள்ளமான இடங்களில் வெள்ளையாகப் படர்வது உறைபனி. அது வானத்திலிருந்து விழுவதன்று. இரவில் தரை வெப்பத்தை இழந்து உறைநிலைக்குக் கீழே போகும்போது, காற்றிலுள்ள நீராவி புல்லின் மேல் நேரடியாகப் படிகமாகப் படிவது. வெயில் ஏறினால் மறைந்துவிடும். வெண்பனி மேகத்திலேயே படிகமாகி விழுந்து, அடுக்கடுக்காகச் சேர்ந்து, வண்டிகள் மிதித்து மிதித்து இறுகிப்போவது. மாணவர்கள் இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொண்டிருப்பார்கள். இதைப் பிரித்துச் சொல்லாமல் மேலே போனால் "ஊட்டியில வண்டி ஓடுதே சார்" என்று மடக்குவார்கள்.

இனி கணக்கு. டயருக்கும் சாலைக்கும் இடையிலான உராய்வுக் குணகம், தோராயமாக, உலர்ந்த தார்ச்சாலையில் 0.7, நனைந்த சாலையில் 0.4; இறுகிய பனியில் சாதாரண டயருக்கு 0.2, பனிக்கட்டியில் 0.1. தடை பிடித்து நிற்க ஆகும் தூரம், வேகத்தின் இருமடியை 2μg-ஆல் வகுத்தால் கிடைக்கும். மணிக்கு 40 கி.மீ. என்பது நொடிக்கு 11.1 மீட்டர். உலர்ந்த சாலையில் 9 மீட்டரில் வண்டி நின்றுவிடும். நனைந்த சாலையில் ஏறத்தாழ 16 மீட்டர், இறுகிய பனியில் 31 மீட்டர், பனிக்கட்டியில் 63 மீட்டர். ஓட்டுநர் ஆபத்தைக் கண்டு காலை மிதிக்க ஒரு நொடி ஆகும் என்று கொண்டால் ஒவ்வொன்றுடனும் இன்னும் 11 மீட்டர் கூடும்.

இதைக் கரும்பலகையில் எழுதி நிறுத்தாதீர்கள். விளையாட்டுத் திடலில் ஒரு கோடு போட்டு, அங்கிருந்து 9, 16, 31, 63 மீட்டரில் சுண்ணாம்புத் தூளால் கோடுகள் இடச் சொல்லுங்கள். எங்கள் பள்ளியில் கடைசிக் கோடு திடலைத் தாண்டி மதிய உணவுக்கூடத்தின் சுவரில் போய் முட்டியது. எண்ணாகச் சொன்னபோது அசையாத வகுப்பு, அந்தச் சுவரைப் பார்த்ததும் வாயடைத்துப் போனது.

சூத்திரத்தில் வண்டியின் நிறை இல்லை என்பதைக் கவனிக்கச் சொல்ல வேண்டும். நிறை கூடினால் உராய்வு விசை கூடுகிறது. நிறுத்த வேண்டிய நிறையும் அதே அளவு கூடுகிறது. இரண்டும் ஒன்றையொன்று நீக்கிவிடுகின்றன. "கனமான வண்டி நல்லா பிடிச்சு நிக்கும்" என்ற நம்பிக்கை பெரியவர்களிடமும் உண்டு. பனிச்சாலையில் பெரிய காரை நம்பிப் போகிறவர்களின் முதல் பிழை இதுதான்.

அடுத்து, நான்கு சக்கர இயக்கம் என்ன செய்கிறது? சாதாரணக் காரில் எஞ்சினின் விசை இரண்டு சக்கரங்களுக்கு மட்டும் போகிறது. அந்த இரண்டின் மேல் வண்டியின் எடையில் சுமார் பாதி இருக்கிறது என்று கொள்வோம். உராய்வுக் குணகம் 0.2 உள்ள பனியில் அந்த வண்டியால் எடையில் பத்தில் ஒரு பங்கு விசையைத்தான் தரையில் செலுத்த முடியும். அதாவது 10 மீட்டருக்கு 1 மீட்டர் ஏறும் சரிவு வரை ஏறும். அதற்கு மேல் சக்கரம் இருந்த இடத்திலேயே சுற்றும். நான்கு சக்கரமும் இயங்கினால் முழு எடையும் பயன்படும். 5 மீட்டருக்கு 1 மீட்டர் சரிவும் ஏறிவிடும். இது சிறிய நன்மை அன்று. வால்பாறை, நீலகிரித் தோட்டங்களின் சேற்றுப் பாதைகளில் ஜீப்புகள் பல்லாண்டுகளாக உழைத்துவருவது இதனால்தான். பனி விழும் நாட்களில் மணாலிக்கு மேலே சோலாங் பக்கம் நான்கு சக்கர இயக்க வண்டிகளை மட்டும் அனுமதிப்பதும் இதனால்தான்.

ஆனால் தடை பிடிக்கும்போது? எந்தக் காராக இருந்தாலும் தடை நான்கு சக்கரங்களிலும்தான் வேலை செய்கிறது. ஆகவே நிற்பதில் இரண்டு வண்டிகளும் சமம். திரும்புவதிலும் ஏறத்தாழ அப்படியே. நான்கு சக்கர இயக்கம் கிளம்புவதற்கும் ஏறுவதற்கும் உதவுகிறது. நிற்பதும் திரும்புவதும் டயரின் பிடிமானத்தைப் பொறுத்தவை. இதில் ஓர் ஆபத்தும் ஒளிந்திருக்கிறது. இரு சக்கர இயக்க வண்டி பனியில் கிளம்பும்போதே சுற்றித் தடுமாறி, சாலை எப்படி இருக்கிறது என்று ஓட்டுநருக்குச் சொல்லிவிடும். நான்கு சக்கர இயக்க வண்டி அலட்டிக்கொள்ளாமல் வேகம் எடுத்துவிடும். சாலை வழுக்குகிறது என்ற செய்தி முதல் தடையின்போதுதான் வந்து சேரும். அந்த மாணவன் பார்த்த காட்சிகளில் நடந்தது அதுதான்.

டயரின் பிடிமானம் மாதச் சம்பளம் மாதிரி என்று நான் வகுப்பில் சொல்வதுண்டு. தடைக்கு எவ்வளவு செலவழிக்கிறோமோ, அவ்வளவு திரும்புவதற்குக் குறையும். முழுவதையும் தடையிலேயே செலவழித்துவிட்டால் திருப்புவதற்கு மிச்சம் இருக்காது. ஸ்டீயரிங்கை எவ்வளவு ஒடித்தாலும் வண்டி நேராகத்தான் போகும். ஆழியாறிலிருந்து வால்பாறைக்குப் போகும் 40 கொண்டை ஊசி வளைவுகளில் ஓட்டும் பேருந்து ஓட்டுநர்கள், வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட்டு வளைவுக்குள் தடையைத் தொடாமல் திருப்புவதைப் பார்த்திருப்பீர்கள். தென்மேற்குப் பருவமழையில் அந்தச் சாலை நனைந்து கிடக்கும்போது இந்தப் பழக்கம்தான் காக்கிறது. அவர்களில் யாரும் திசையன் கூடுதல் படித்து இதைக் கற்கவில்லை.

பிடிமானம் குறையும் இடத்தில் எஞ்சினின் திறனைக் கூட்டிப் பயனில்லை. பிடிக்கும் முறையை மாற்ற வேண்டும். இதற்கு நம் கண்ணெதிரே 100 ஆண்டுகளுக்கும் மேலான சான்று இருக்கிறது. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு மலை ரயில் 1899இல் ஓடத் தொடங்கியது; உதகைக்கு 1908இல் நீண்டது. கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையில் 12.5 மீட்டருக்கு 1 மீட்டர் என்ற கடும் ஏற்றம். காருக்கு இது பெரிய ஏற்றம் இல்லை. ஆனால் ரயிலில் எஞ்சினின் எடை மட்டும்தான் இழுவைக்குப் பயன்படும். எஞ்சின் மொத்த எடையில் மூன்றில் ஒரு பங்கு என்று வைத்துக்கொண்டால்கூட 0.24 உராய்வுக் குணகம் வேண்டும். மழையிலும் இலைச்சருகிலும் நனைந்த தண்டவாளத்தில் இரும்புச் சக்கரத்துக்கு அதை நம்ப முடியாது. ஆகவே நடுவில் பல் வைத்த தண்டவாளத்தைப் பதித்து, எஞ்சினின் பற்சக்கரம் அதைக் கவ்விக்கொண்டு ஏறும்படி செய்தார்கள். ஏறும்போது எஞ்சின் கீழ்ப்பக்கம் நின்று பெட்டிகளைத் தள்ளுகிறது. இறங்கும்போது அதே பற்கள் தாங்கிப் பிடிக்கின்றன. 2005இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்தபோது நாம் அழகைப் பாராட்டினோம். இயற்பியல் ஆசிரியர்கள் அந்தப் பல்லையும் பாராட்டலாம். லடாக்கில் ராணுவ லாரிகளின் சக்கரத்தில் சுற்றும் இரும்புச் சங்கிலியும் இதே குடும்பம்தான். நம் வயலில் சேற்றுழவுக்கு டிராக்டரில் மாட்டும் கேஜ் வீலும் அப்படியே. அதை மாட்டிக்கொண்டு தார்ச்சாலையில் ஓட்டக்கூடாது என்பது எந்த உழவர் வீட்டுப் பிள்ளைக்கும் தெரியும். இடத்துக்கு ஏற்ற சக்கரம் என்ற எண்ணத்தை நாம் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

குளிர்கால டயர் என்பது அந்த எண்ணத்தை ரப்பரில் செய்து பார்த்ததுதான். பின்லாந்தின் நோக்கியா ஊர் டயர் ஆலை 1934இல் லாரிகளுக்கும், 1936இல் கார்களுக்கும் பனிக்கான டயரை உருவாக்கியது. அதில் இரண்டு சூட்சுமங்கள் உண்டு.

முதலாவது ரப்பர். குளிர்ந்தால் ரப்பர் இறுகும். நம் ஊர்க் காரின் டயர் வெயிலைத் தாங்குவதற்காகச் செய்த கலவை. சுமார் 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே அது விறைத்து, சாலையின் நுண்ணிய மேடுபள்ளங்களோடு ஒட்ட மறுக்கிறது. குளிர்கால டயரின் கலவை உறைநிலைக்குக் கீழேயும் மென்மையாக இருக்கும். அதே டயரை மே மாதக் கோவையில் ஓட்டினால் விரைவில் தேய்ந்துவிடும். இதை வகுப்பில் காட்டலாம். ஒரே மாதிரியான இரண்டு ரப்பர் பந்துகளில் ஒன்றை இரவு முழுவதும் ஃப்ரீசரில் வைத்து எடுத்து, இரண்டையும் ஒரே உயரத்திலிருந்து போடுங்கள். குளிர்ந்த பந்து குறைவாகவே எழும்பும். தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் இது பிடிக்கும். அவர்களிடம் காரணத்தைச் சொல்ல அவசரப்பட வேண்டாம்.

இரண்டாவது டயரின் முகம். ஆழமான பள்ளங்களும், ஒவ்வொரு கட்டியிலும் பிளேடால் கீறியதுபோன்ற எண்ணற்ற மெல்லிய வெட்டுகளும் இருக்கும். சக்கரம் உருளும்போது அந்த வெட்டுகள் திறந்து அவற்றின் விளிம்புகள் பனியைக் கடிக்கின்றன. பள்ளங்களில் பனி நிறைகிறது. அது குறை என்று மாணவர்கள் நினைப்பார்கள். சேற்றில் நடந்த செருப்பில் சேறு அப்பினால் வழுக்குமே என்பார்கள். பனியின் இயல்பு வேறு: பனியை அழுத்தினால் பனியோடு ஒட்டும். பனி உருண்டை பிடிக்க முடிவது அதனால்தான். டயரில் அப்பிய பனி சாலைப் பனியைப் பற்றிக்கொள்கிறது. இப்படியாக இறுகிய பனியில் 0.2 ஆக இருந்த குணகம் 0.3 ஆனால், 31 மீட்டர் 21 மீட்டராகக் குறையும். அந்த 10 மீட்டர் இரண்டு கார்களின் நீளத்தைவிட அதிகம்.

ஆகவே சாதாரண டயர் போட்ட நான்கு சக்கர இயக்கக் காரைவிட, குளிர்கால டயர் போட்ட சிறிய இரு சக்கர இயக்கக் கார் பனியில் சீக்கிரம் நிற்கும். இரண்டும் சேர்ந்திருந்தால் மிக நன்று. ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் டயரைத்தான் வாங்கச் சொல்வேன். கனடாவின் கியூபெக் மாகாணத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை குளிர்கால டயர் சட்டப்படி கட்டாயம். நான்கு சக்கர இயக்கம் கட்டாயமில்லை. தமிழர்கள் நிறைய வாழும் டொராண்டோ உள்ள ஒன்டாரியோவில் கட்டாயம் இல்லாவிட்டாலும், குளிர்கால டயர் போட்டால் வண்டிக் காப்பீட்டுக் கட்டணத்தில் தள்ளுபடி உண்டு. விபத்துக்குப் பணம் கொடுக்க வேண்டிய நிறுவனங்களே தள்ளுபடி தருகின்றன என்றால் அதில் கணக்கு இருக்கத்தான் வேண்டும்.

நமக்கு வெண்பனி இல்லை, மழை இருக்கிறது. நனைந்த சாலையில் டயரின் பள்ளங்கள் தண்ணீரை வெளியேற்றும் வாய்க்கால்கள். அவை தேய்ந்துவிட்டால் வேகத்தில் தண்ணீர்ப் படலம் டயரைச் சாலையிலிருந்து தூக்கிவிடும். அப்போது குணகம் கிட்டத்தட்டப் பனிக்கட்டியின் அளவுக்கு இறங்கிவிடும். கார் டயரின் பள்ளங்களுக்குள் சிறிய மேடுகள் இருக்கும், அவற்றின் உயரம் 1.6 மி.மீ. டயரின் முகம் அந்த மேட்டுக்குச் சமமாகத் தேய்ந்துவிட்டால் டயரை மாற்றிவிட வேண்டும்.

இதை ஒட்டி ஒரு செயல்பாடு. மாணவர்கள் தம் வீட்டு வண்டியோ பக்கத்து வீட்டு வண்டியோ, உரியவரிடம் கேட்டுவிட்டு, நிறுத்தியிருக்கும்போது டயரின் பக்கவாட்டைப் படித்து வர வேண்டும். நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கங்கள் இருக்கும். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. எங்கள் வகுப்பில் 34 பேர் படித்து வந்தார்கள். அவற்றைப் பட்டியலிட்டு, சராசரியும் இடைநிலையும் கண்டோம். கணித ஆசிரியர் அந்தப் பட்டியலை ஒன்பதாம் வகுப்புப் புள்ளியியலுக்கு வாங்கிக்கொண்டு போனார். பட்டியலிலேயே பழைய டயர் ஒரு மாணவியின் தாத்தாவினுடைய டிராக்டர் டிரெய்லரில் இருந்தது. அவள் பிறப்பதற்கு ஓராண்டு முன்பு செய்தது. அடுத்த வாரம் அதை மாற்றிவிட்டார்கள் என்று வந்து சொன்னாள்.