இரு நண்பர்களும் ஒரு சம்பந்தமும்

கலப்பு மணத்தைப் பற்றிச் சிநேகிதர்கள் பொதுவாகப் பேசிக்கொள்ளும்போது அபிப்பிராய பேதம் தோன்றுவது அரிது. "அதற்கென்ன, நல்லதுதானே!" என்று இருவரும் சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவார்கள். அந்தச் சம்பந்தம் ஒருவர் வீட்டு வாசற்படியில் வந்து நிற்கும் அன்றைக்குத்தான், இருவரும் ஒரே சொல்லால் வெவ்வேறு பொருளைக் குறித்து வந்தார்கள் என்பது தெரியும். பம்பாயில் நடந்த ஒரு விருத்தாந்தத்தை இங்கே சொல்லுவோம்.

ஸர் தின்ஷா பெடிட் பம்பாய்ப் பஞ்சாலை முதலாளி. பார்ஸி சமூகத்தில் முதல் வரிசைப் பிரமுகர். பாரிஸ்டர் முகம்மதலி ஜின்னா அவருடைய வீட்டுக்கு வந்து போகும் நண்பர். 1916-ம் வருஷத்துக் கோடையில் பெடிட் குடும்பத்தாருடன் ஜின்னா டார்ஜீலிங்கில் தங்கியிருந்தார். (பிற்காலத்து ஜின்னாவை மனத்தில் வைத்துக்கொண்டு இதைப் படிக்கலாகாது. அவ்வாண்டு டிசம்பரில் காங்கிரஸுக்கும் லீகுக்கும் லக்னோவில் உடன்பாடு ஏற்பட உழைத்தவர் அவர்.)

சமூகங்களுக்கிடையே விவாகம் நடப்பதைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று ஜின்னா ஒரு நாள் நண்பரைக் கேட்டார். தேச ஐக்கியத்துக்கு அது பெரிதும் உதவும் என்று பெடிட் மனமாரச் சொன்னார். "அப்படியானால் உங்கள் பெண்ணை எனக்குக் கொடுங்கள்" என்றார் ஜின்னா. ஜின்னாவிடம் தொழில் பழகிய எம். ஸி. சாக்ளா, 1973-ல் வெளியான தம் சுயசரிதையில் இந்தச் சம்பாஷணையைப் பதிந்திருக்கிறார். பெடிட் திடுக்கிட்டுப் போனார். மறுத்தது மட்டுமல்ல, இருவரும் சந்திக்கலாகாது என்று நீதிமன்றத்தில் தடையுத்தரவும் வாங்கினார்.

பெண் ரத்தன்பாய்க்கு அப்போது வயது பதினாறு. ஜின்னாவுக்கு நாற்பதை எட்டும் பிராயம். எந்தத் தகப்பனாருக்கும் இந்த வித்தியாசம் உறுத்தும். வயதைக் காட்டி மட்டும் அவர் மறுத்திருந்தால் நமக்கு எழுதவேண்டிய விஷயமே இராது.

ஆனால் பெடிட் குறுகிய மனத்தவரல்லர். 1908-ல் பம்பாய் ஹைகோர்ட்டில் முடிவான ஒரு வழக்கில் அவரே முதல் வாதி. ஆர். டி. டாடா மணந்த பிரெஞ்சு மாது பார்ஸி மதத்தைத் தழுவியிருந்தார். அவ்வாறு மதம் மாறி வந்தவர்களுக்கும் சமூகத்தின் தர்ம சொத்துக்களில் உரிமை உண்டா என்பது வழக்கில் எழுந்த பெரிய கேள்வி. உரிமை உண்டு என்ற கட்சியில் பெடிட் நின்றார். தீர்ப்பு அவருக்கு விரோதமாயிற்று. அந்தப் பிரெஞ்சு மாதின் மகளே பிற்காலத்தில் பெடிட்டுக்கு மருமகளானாள். வெளியிலிருந்து தம் சமூகத்துக்குள் வருகிறவளுக்காக வழக்காடியவர், தம் பெண் வெளியே போவதைத் தடுக்கவும் நீதிமன்றத்துக்கே போனார். நமக்கு இது கபடமாகத் தோன்றவில்லை. வருகிற சம்பந்தமும் போகிற சம்பந்தமும் ஒரே பெயருடையவை என்பது அவருக்கு அதுவரை எட்டவில்லை போலும்.

ஜின்னாவின் பக்கம் என்ன? 1872-ம் வருஷத்துச் சட்டப்படி பதிவு மணம் செய்துகொள்வோர், ஹிந்து, முஸ்லிம், பார்ஸி முதலான எந்த மதத்தையும் தாம் அநுசரிக்கவில்லை என்று அக்காலத்தில் எழுதிக் கொடுக்கவேண்டியிருந்தது. இதைத் தளர்த்தப் பூபேந்திரநாத் பாஸு கொண்டுவந்த மசோதாவைச் சட்டசபையில் ஜின்னா ஆதரித்துப் பேசினார். 1912-ல் அது தோற்றது. தம் விஷயத்தில் அவர் அந்தப் பிரதிக்ஞையைச் செய்யவில்லை. அவர் முஸ்லிம் தொகுதியின் பிரதிநிதி. செய்திருந்தால் ஸ்தானம் போயிருக்கும். பதினெட்டு வயது நிறைந்ததும் ரத்தன்பாயே 1918 ஏப்ரல் 18-ந் தேதி இஸ்லாத்தைத் தழுவினாள். மறுநாள் நிக்காஹ் நடந்தது. ஆகவே ஜின்னா வீட்டுக்கும் அது வருகிற சம்பந்தமே.

பத்து வருஷத்துக்குள் தம்பதிகள் பிரிந்தார்கள். 1929-ல் தன் இருபத்தொன்பதாவது பிறந்த நாளன்று ரத்தன்பாய் மரித்தாள். ஒரே மகள் தீனா, பார்ஸி வம்சத்தில் பிறந்த கிறிஸ்தவரான நெவில் வாடியாவை மணக்க விரும்பினாள். முஸ்லிம் பிள்ளைகள் இத்தனை பேர் இருக்க இவர்தானா கிடைத்தார் என்று தகப்பனார் கேட்டதாகவும், "நீங்களும் முஸ்லிம் பெண்ணைத் தேடவில்லையே" என்ற கருத்தில் மகள் பதில் சொன்னதாகவும் சாக்ளாவே எழுதுகிறார். உன் தாயார் முஸ்லிமாகிவிட்டாள் என்பது ஜின்னாவின் மறுமொழி.

1938-ல் அந்த விவாகம் நடந்தது. பத்து வருஷங்களுக்குப்பின் தகப்பனாரின் சவ அடக்கத்துக்காகத் தீனா கராச்சிக்குப் போனாள். அது முடிந்ததும் பம்பாய்க்குத் திரும்பிவிட்டாள்.