ஸ்பீக்கர்: செய்யலாமா, வாங்கலாமா?

எங்க தாத்தாவுக்குக் காது கொஞ்சம் மந்தம். டி.வி.யில் செய்தி ஓடும்போது "என்னடா சொல்றான்?" என்று என்னைத்தான் கேட்பார். தட்டை டி.வி.க்களில் ஸ்பீக்கர் கீழேயோ பின்னாலேயோ பார்த்தபடி இருக்கும். சத்தம் சுவரில் பட்டுத்தான் நமக்கு வரும். தனி ஸ்பீக்கர் கேட்டுக் கடைக்குப் போனோம். 3,200 ரூபாய் என்றார்கள். அப்பா ஒன்றும் பேசாமல் வெளியே வந்துவிட்டார்.

பரணில் பழைய டேப் ரெக்கார்டரின் 6 அங்குல ஸ்பீக்கர் கிடந்தது. "நானே செய்றேன்" என்று வாயை விட்டுவிட்டேன்.

முதலில் அதை அப்படியே ஆம்ப் போர்டில் மாட்டினேன். கொசு பாடுவதுபோல் இருந்தது! காரணம் இதுதான்: ஸ்பீக்கரின் காகிதக் கூம்பு முன்னால் தள்ளும்போது முன்பக்கக் காற்று அழுந்தும், பின்பக்கக் காற்று விரியும். இரண்டு அலையும் ஓரத்தைச் சுற்றி வந்து சேர்ந்தால் ஒன்றையொன்று அழித்துவிடும். கனமான ஒலிதான் முதலில் காணாமல் போகும். பின் அலையை அடைத்து வைக்கத்தான் பெட்டி. அந்தக் காலத்து டீக்கடைகளில் மண்பானை வாயில் ஸ்பீக்கரை வைத்ததும் இதற்குத்தானாம், தாத்தா சொன்னார். (பானைக்கு அம்மா சம்மதிக்கவில்லை.)

தச்சரிடம் மீந்த பிளைவுட் வாங்கி, உள்ளளவு 20 × 20 × 25 செ.மீ. பெட்டி செய்தேன். அதாவது 10 லிட்டர். மூலைகளில் ஃபெவிகால். கூம்பை மெதுவாக அமுக்கி விட்டால் அது தயங்கித் தயங்கித் திரும்ப வேண்டும். டக்கென்று வந்தால் எங்கோ காற்று கசிகிறது. எனக்கு இரண்டு இடத்தில் கசிந்தது.

பாட்டு போட்டேன். ஜன்னல் அதிர்ந்தது. எனக்கு ஒரே பெருமை! தாத்தா மட்டும், "இரைச்சலா இருக்குடா, வார்த்தை புரியலையே" என்றார்.

அப்போதுதான் உறைத்தது. வயதானால் கீச்சு ஒலிகள்தான் முதலில் கேட்காமல் போகும். 'ச', 'ஸ' போன்ற எழுத்துகள் அங்கேதான் இருக்கின்றன. அவருக்குத் தேவை 'தும் தும்' இல்லை, ட்வீட்டர். வாங்கி நேராக இணைத்தேன், எரிந்துவிட்டது. கனமான ஒலியை அது தாங்காது. இடையில் கெப்பாசிட்டர் வேண்டும். f = 1/2πRC என்பதுதான் கணக்கு. 8 ஓம் ட்வீட்டருக்கு 4.7 மைக்ரோஃபாரட் போட்டால் சுமார் 4,200 ஹெர்ட்ஸுக்குக் கீழே போகப் போக ஒலி குறைந்துவிடும்.

செலவு: ஆம்ப் போர்டு 380, அடாப்டர் 250, ட்வீட்டர் இரண்டு 240 (ஒன்று தண்டம்), வெட்டுக்கூலி 200, கெப்பாசிட்டர், வயர், பசை எல்லாம் 160. மொத்தம் 1,230 ரூபாய். கூடவே மூன்று ஞாயிறும், வேதியியல் டெஸ்ட்டில் போன மார்க்கும்!

பரணில் ஸ்பீக்கர் கிடைக்காமல், ஓசியில் மரமும் வராமல் எல்லாம் புதிதாக வாங்கியிருந்தால் கடை விலையை நெருங்கியிருப்பேன். என் வகுப்புத் தோழன், கிரவுண்டுக்குத் தூக்கிப் போக ப்ளூடூத் ஸ்பீக்கர் செய்யலாமா என்று கேட்டான். வாங்கிடுடா என்றேன். கம்பெனிக்காரன் பாகங்களை ஆயிரக்கணக்கில் வாங்குகிறான், அந்த விலை நமக்குக் கட்டாது. லித்தியம் பேட்டரியில் தப்பு செய்தால் ட்வீட்டர் மாதிரி சும்மா எரிந்து போகாது, தீயே பிடிக்கும்.

தாத்தா இப்போது செய்தியைத் தானே கேட்கிறார். என்னைக் கூப்பிடுவது வானிலை வரும்போது மட்டும்தான். அந்த அம்மா ரொம்ப வேகமாகப் பேசுகிறாராம்.

– பதினொன்றாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவன்