பதில் வரும்முன் முடிந்துவிடும் பயிற்சி

சட்ட மாணவர்களுக்கு உள்ளகப் பயிற்சி கட்டாயம். மூன்றாண்டுப் படிப்புக்கு 12 வாரங்கள், ஐந்தாண்டுப் படிப்புக்கு 20 வாரங்கள் என்கின்றன இந்திய பார் கவுன்சிலின் 2008ஆம் ஆண்டு விதிகள். ஒத்தக்கடையை அடுத்து 2004 முதல் இயங்கும் உயர் நீதிமன்றக் கிளைக்கு மாணவர்கள் பலர் இதற்காகவே வருகிறார்கள். மூத்த வழக்கறிஞரின் பின்னே கோப்புடன் நிற்பதுதான் பயிற்சி என்று அவர்கள் நினைக்கிறார்கள். தொண்டு நிறுவனங்களிலும் உள்ளாட்சி அமைப்புகளிலும்கூடப் பயிலலாம் என்று அதே விதிகள் கூறுகின்றன.

அங்கே என்ன வேலை என்று கேட்பவர்களுக்கு நான் மேலவளவைச் சொல்வேன். ஒத்தக்கடையைத் தாண்டிச் செல்லும் மேலூர் சாலை வழியே எட்டக்கூடிய ஊர்தான் அது. பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்ட அவ்வூராட்சியின் தலைவர் முருகேசனும் உடனிருந்த ஐவரும் 1997 ஜூன் 30 அன்று வெட்டிக் கொல்லப்பட்டனர். கொன்றவர் யார் என்பது நீதிமன்றத்தின் கேள்வி. தேர்தலையே நடத்தவிடாமல் தடுத்த பகை கண்முன்னே இருந்தபோது நிர்வாகம் என்ன செய்தது என்பது கொள்கைப் பணியின் கேள்வி.

இந்தக் கேள்விக்குச் சட்டத்திலேயே பிடி இருக்கிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 1995ஆம் ஆண்டு விதிகளில் 17ஆவது விதி, ஆட்சியர் தலைமையிலான மாவட்டக் கண்காணிப்புக் குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறையேனும் கூட வேண்டும் என்கிறது. கூடியதா? நிவாரணம் ஏழு நாளுக்குள் சென்றதா? குற்றப்பத்திரிகை 60 நாளுக்குள் தாக்கலானதா? பத்து ரூபாய்க் கட்டணத்தில் தகவல் உரிமை மனு போட்டு, வரும் கூட்டக் குறிப்புகளை ஆண்டுவாரியாக அடுக்கினால் எந்த வட்டத்தில் எது தேங்குகிறது என்பது தெரியும். ஆட்சியருக்கும் ஆணையத்துக்கும் சட்டமன்ற உறுப்பினருக்கும் எழுதும் கோரிக்கை அந்த அட்டவணையிலிருந்து பிறக்கிறது. கறுப்புக் கோட்டின் மிடுக்கு இதில் இல்லை, அலுப்பூட்டும் வேலைதான்.

ஒரு சிக்கலும் உண்டு. தொடர்ச்சியான பயிற்சி நான்கு வாரங்களைத் தாண்டக்கூடாது என்பது விதி. தகவல் மனுவுக்குப் பதில் தர 30 நாள் அவகாசம். மனு எழுதியவர் பதிலைப் பார்க்காமலே ஊர் திரும்புகிறார். ஆகவே முன்னவர் போட்ட மனுக்களின் பதில்களோடு அடுத்தவரின் பயிற்சியைத் தொடங்குவதே முறையாகும்.

ஊதியமில்லாத பயிற்சியை வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளே தாங்க முடியும். மேலவளவு போன்ற ஊர்களிலிருந்து வரும் மாணவருக்குப் பேருந்துக் கட்டணத்தையும் மதியச் சாப்பாட்டையும் நிறுவனங்கள் தர வேண்டும். அக்கூட்டக் குறிப்புகளில் எது விடுபட்டிருக்கிறது என்பதை முதலில் கண்டுபிடிக்கக்கூடியவர் அவர்தான்.